சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட்டைப் படிச்ச கோயமுத்தூர்க்காரர்: ஆர்.கே. சண்முகம் செட்டியார் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விங்க

வருசா வருசம் பட்ஜெட் அன்னிக்கு திருப்பூர்ல நான் கணக்கு எழுதற நூல் கடையில டிவிய போட்டு உட்டுட்டு எல்லாரும் நின்னுட்டே பாப்போம். பஞ்சு இறக்குமதி வரி என்னாச்சு, ரீஃபண்ட் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா, அவ்வளவுதான் எங்க அக்கறை. ஒரு தடவை முதலாளி பையன், காலேஜ் படிக்கறவன், "ஏனுங்க மாமா, மொத மொதல்ல பட்ஜெட் படிச்சது யாருங்க"ன்னு கேட்டான். நம்ம கோயமுத்தூர்க்காரருதான் கண்ணுன்னேன். நம்பவே இல்ல. அக்கம்பக்கத்துல நின்ன பெரியவங்களும் நம்பல, அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா போச்சு. அன்னிலிருந்து யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லி சொல்லி, இப்ப எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கறேன்.

யாருங்க இவரு, சுருக்கமா சொல்லுங்க?

ராமசாமி செட்டியார் கந்தசாமி செட்டியார் சண்முகம் செட்டியார், அதான் ஆர்.கே.எஸ். 1892 அக்டோபர் 17 கோயமுத்தூர்ல பொறந்தாரு, 1953 மே 5ந் தேதி எறந்தாரு. நடுவுல இருக்கற அறுபது வருசத்துல நகராட்சி கவுன்சிலர்ல ஆரம்பிச்சு டில்லில மத்திய சட்டசபை தலைவர், கொச்சி திவான் (ராஜாவுக்கு தலைமை மந்திரி மாதிரி), சுதந்திர இந்தியாவோட மொதல் நிதி மந்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டாரு. நடுவுல சிலப்பதிகாரத்துக்கு உரை வேற.

காரைக்குடி செட்டியாரா?

இல்லீங்க. இந்த கேள்விதான் ரொம்ப வருது. நகரத்தார் வேற, இவரு கோயமுத்தூர்ல யாவாரம் பண்ணி வளந்த வாணிய செட்டியார் குடும்பம். அவங்க தாத்தா காலத்துல கோயமுத்தூருக்கு வந்து யாவாரத்துல காலூன்னுனாங்க, அப்புறம் மில்லு. சிங்காநல்லூர் பக்கம் வசந்தா மில்லுன்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல, அது இவங்க குடும்பத்து மில்லுதான்.

அப்ப இவர மில் முதலாளின்னு சொல்றதா, வக்கீல்னு சொல்றதா?

ரெண்டும்தான், ஆனா ரெண்டுலயும் முழுசா உக்காரல. படிச்சது மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும். வக்கீல் படிப்பு முடிச்சுட்டு ஊருக்கு வந்தவரு குடும்பத் தொழிலையும் பாத்தாரு, பொதுவாழ்க்கைக்கும் வந்துட்டாரு. 1917ல கோயமுத்தூர் நகராட்சி கவுன்சிலர், அப்புறம் துணைத்தலைவர்.

அந்தக் கால கோயமுத்தூர கொஞ்சம் நெனச்சு பாக்கோணும். 1888ல ஸ்டேன்ஸ் துரை ஆரம்பிச்ச மில்லு ஒண்ணு, அப்புறம் 1910ல லட்சுமி மில்லு, இப்படி ஒண்ணொண்ணா வந்துட்டு இருந்த காலம். கரிசல் காட்டுல பருத்தி வெளையுது, ஆனா தண்ணிக்கு கஷ்டம், கரண்ட் கெடையாது. 1930கள்ல பைகாரா கரண்ட் மலையெறங்கி வந்தப்புறம்தான் மில்லுங்க சரசரன்னு பெருகுச்சு. எங்க அப்புச்சி மில்லுல வேலை செஞ்சவரு, ஊர்ல யாரும் கடிகாரம் கட்டல, மில்லு சங்கு ஊதறத வெச்சுதான் சோறு ஆக்கறது, புள்ளைங்கள பள்ளிக்கோடத்துக்கு அனுப்பறதுன்னு சொல்லுவாரு. பஞ்சு வெலை ஏறுனா என்னாகும், வரி ஒரு அணா கூடுனா யாரு தலையில போய் விடியும், ஷிப்டு கொறஞ்சா எந்த வீட்ல அடுப்பு எரியாது, இதெல்லாம் அந்த ஊர்ல பொறந்தவனுக்கு புஸ்தகத்துல படிக்கற சமாச்சாரம் இல்ல. சண்முகம் செட்டியார் பின்னால டில்லிலயும் ஜெனீவாலயும் பேசுனதுக்கெல்லாம் அடி இங்கதான்னு நான் நெனைக்கறேன்.

எந்தக் கட்சிங்க அவரு?

இதுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியாது. 1920ல மெட்ராஸ் சட்டசபைக்கு போனாரு, நீதிக்கட்சி ஆளு. கொஞ்ச வருசத்துல சுயராஜ்யக் கட்சி பக்கம் வந்து 1924ல டில்லி மத்திய சட்டசபைக்கு போயிட்டாரு, பத்து வருசம் அங்கதான். ஈரோட்டுல பெரியார் நடத்துன சுயமரியாதை இயக்கத்தோடயும் நெருக்கம் இருந்துச்சு. அப்புறம் எந்தக் கட்சிலயும் சேராம காங்கிரஸ் மந்திரிசபைல மந்திரி.

இத வெச்சு சில பேரு பச்சோந்தின்னு பேசறாங்க. எனக்கு அது ஒத்துக்கல. கணக்கு தெரிஞ்ச ஆளு எங்க கணக்கு எழுத வேண்டியிருந்துச்சோ அங்க போனாரு, அப்படித்தான் நான் பாக்கறேன். ஆனா அதுல ஒரு நஷ்டமும் இருக்குதுங்க, கட்சி இல்லாதவனுக்கு கஷ்டம் வர்றப்ப கூட வந்து நிக்கறதுக்கு ஆளு இருக்காது. அவரு வாழ்க்கைல ரெண்டு தடவை அது நடந்துச்சு, கீழ சொல்றேன்.

டில்லில என்ன பண்ணுனாரு?

1931ல துணைத்தலைவர், 1933 மார்ச்சுல இருந்து 1934 கடைசி வரைக்கும் மத்திய சட்டசபைக்கு தலைவர், அதாவது இன்னிக்கு லோக்சபா சபாநாயகர் உக்கார்ற மாதிரி எடம். 1933லதான் சர் பட்டமும் வந்துச்சு. அதுக்கு முன்னால 1928, 1929ல ஜெனீவாவுல நடந்த சர்வதேச தொழிலாளர் மாநாட்டுக்கு முதலாளிங்க தரப்பு பிரதிநிதியா போயிட்டு வந்தாரு.

அப்புறம் ஏன் 1934 தேர்தல்ல தோத்தாரு?

ஒட்டாவா. 1932ல கனடாவுல ஒட்டாவாங்கற ஊர்ல பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளோட பொருளாதார மாநாடு நடந்துச்சு, இந்தியா சார்பா போனவங்கள்ல இவரும் ஒருத்தரு. அங்க போட்ட ஒப்பந்தம் என்னன்னா, பிரிட்டிஷ் சரக்குக்கு நாம கொஞ்சம் வரி கொறைக்கறது, பதிலுக்கு நம்ம சரக்குக்கு அவங்க சலுகை தர்றது. ஒலகமெல்லாம் மந்தம், வெலவாசி படுத்துக் கெடக்குது, விக்கறதுக்கு சந்தை வேணும்னு இவரு வாதம். ஆனா ஊர்ல அன்னியத் துணிய எரிச்சுட்டு ஜெயிலுக்கு போயிட்டு இருந்த சமயம் அது. வெள்ளைக்காரன் சரக்குக்கு சலுகையான்னு ஜனங்க கொதிச்சுப் போனாங்க. காங்கிரஸ் அலையும் அடிச்சுது, சட்டசபை தலைவரா இருந்தவரே தோத்துப் போனாரு.

இதுல என் அபிப்பிராயம், கணக்கா பாத்தா அவரு சொன்னதுல நியாயம் இருந்துருக்கலாம், ஆனா ஜனங்க மனசு எங்க இருக்குதுன்னு பாக்கத் தவறிட்டாரு. தோத்தது சரிதான்னு கூட சொல்லுவேன்.

கொச்சிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நெறைய. எர்ணாகுளத்துல காயல ஒட்டி ஒரு ரோடு போகும், சண்முகம் ரோடுன்னு. நம்மாளுங்க நெறைய பேரு அங்க போய் படகு சவாரி எல்லாம் பண்ணீட்டு வந்துருப்பாங்க, பேர கவனிச்சுருக்க மாட்டாங்க. நானும் ரெண்டு தடவை போயிட்டு மூணாவது தடவைதான் போர்டை நின்னு படிச்சேன். பக்கத்துல இளநி வித்துட்டு இருந்தவர்கிட்ட இது யாரு பேருன்னு கேட்டேன், பழைய திவான் பேருன்னு டக்குன்னு சொன்னாரு. எங்கூர்ல யாருக்கும் தெரியாத பேரு அந்தூரு இளநிக்காரருக்கு தெரிஞ்சுருக்குது.

1935ல இருந்து 1941 வரைக்கும் கொச்சி சமஸ்தானத்துக்கு திவானா இருந்தாரு. பிரிஸ்டோங்கற இஞ்சினியர் கொச்சி துறைமுகத்தை தோண்டி, அள்ளுன மண்ணுலயே வில்லிங்டன் தீவை உருவாக்குன வேலை முடிஞ்சு, துறைமுகம் முழு வீச்சுல நடக்க ஆரம்பிச்ச வருசங்க அது. இவரு திவானா இருக்கறப்பதான் 1938ல கொச்சில சட்டசபைக்கு பதில் சொல்ல வேண்டிய ஒரு மந்திரியும் வந்தாரு, ராஜா ஆட்சி நடந்த எடத்துல அது பெரிய சங்கதி. பாலக்காட்டு கணவாய் வழியா காத்து மட்டும் இல்லீங்க, நம்ம ஊர் ஆளும் அந்தப் பக்கம் போய் வேலை செஞ்சுருக்காரு.

பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுல இருந்தாராமே?

ஆமாங்க. 1944 ஜூலை, அமெரிக்காவுல. இன்னிக்கு ஐ.எம்.எஃப்ன்னும் உலக வங்கின்னும் சொல்றமே, ரெண்டும் அங்கதான் உருவாச்சு. இந்தியா அப்ப இன்னும் அடிமை நாடு, குழுவுக்கு தலைவர் ரெய்ஸ்மேன்ங்கற வெள்ளைக்காரர். கூட சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப், நம்ம சண்முகம் செட்டியார். யுத்தத்துக்கு நம்மகிட்ட வாங்குன சரக்குக்கு பிரிட்டன் பணமா தராம கணக்குல எழுதி வெச்சுட்டே வந்துச்சு, அது ஸ்டெர்லிங் பாக்கின்னு மலையாட்ட ஏறிக் கெடந்துச்சு. அந்தப் பாக்கிய வசூல் பண்றதுக்கு வழி வேணும், பின்தங்குன நாடுகளோட வளர்ச்சியையும் கணக்குல எடுக்கோணும்னு இந்தியக் குழு அங்க பேசுச்சு. பாக்கி வசூல்ங்கறது யாவாரிக்கு எவ்வளவு உயிர்ப்பிரச்சனைன்னு நூல் கடையில உக்காந்து பாத்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல.

பின்னால 1948ல நிதி மந்திரியா லண்டனுக்கு போய் அதே பாக்கிய பத்தி ஒப்பந்தம் பேசுனதும் இவருதான்.

காங்கிரஸ்காரரே இல்லாதவர நேரு எப்படி நிதி மந்திரி ஆக்குனாரு?

1947 ஆகஸ்ட் 15 மந்திரிசபைல காங்கிரஸ் அல்லாதவங்க இன்னும் இருந்தாங்க. அம்பேத்கர் சட்ட மந்திரி, சியாமா பிரசாத் முகர்ஜி தொழில் மந்திரி. எதிர்த்தவங்களையும் சேத்துக்கிட்டு நாட்டை நடத்தோணும்னு ஒரு பெருந்தன்மை அப்ப இருந்துச்சு. சர் பட்டம் வாங்குனவரு, ஒட்டாவாவுக்கு போனவருன்னு தள்ளி வெக்காம, அந்த நேரத்துக்கு கணக்கு தெரிஞ்ச ஆளு வேணும்னு கூப்புட்டாங்க. நாடு ரெண்டா பிரியுது, கஜானாவ பிரிக்கோணும், ரயில்வே, கடன், பென்சன், ராணுவம் எல்லாத்தையும் பாகம் போடோணும். வீட்ல அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறப்பவே என்ன பாடுன்னு நமக்குத் தெரியும்.

அந்த முதல் பட்ஜெட்ல என்ன இருந்துச்சு?

1947 நவம்பர் 26, சாயங்காலம். பட்ஜெட்ட சாயங்காலம் அஞ்சு மணிக்கு படிக்கறது வெள்ளைக்காரன் காலத்து பழக்கம், 1999 வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு. சுதந்திர இந்தியாவோட மொதல் பட்ஜெட்ட தாக்கல் பண்ண எந்திரிக்கறேன்னு ஆரம்பிச்சாரு, இந்த வாய்ப்பு தனக்கு கெடச்சத அபூர்வமான பாக்கியமா நெனைக்கறதா அடுத்த வரிலயே சொன்னாரு. எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அந்த எடத்துல நெஞ்சு ஒரு மாதிரி ஆயிரும்.

முழு வருச பட்ஜெட் இல்ல அது. ஆகஸ்ட் 15ல இருந்து 1948 மார்ச் 31 வரைக்கும் ஏழரை மாசத்துக்கு. வரவு 171.15 கோடி. செலவு 197.39 கோடி. 26 கோடிக்கு மேல பள்ளம். செலவுல ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி, கிட்டத்தட்ட பாதி. மீதி சிவில் செலவுல அகதிங்களுக்கு 22 கோடி, சாப்பாட்டு தானிய மானியத்துக்கு 22 கோடிக்கு மேல.

இந்த நம்பர கொஞ்சம் நிதானமா பாருங்க. நான் கணக்கு எழுதற ஆளு, ஒரு லெட்ஜர் பக்கத்த பாத்தா அந்த வீட்டு நெலமை தெரிஞ்சுரும். பாதி பணம் எல்லையக் காக்க, மிச்சத்துல பெரிய பங்கு வீடு எழந்து வந்தவனுக்கும் பசிச்ச வயித்துக்கும். பஞ்சாப்ல இருந்து ரயில் ரயிலா ஜனங்க வந்துட்டு இருக்கறப்ப எழுதுன கணக்கு அது. அதுல பந்தாவுக்கு எடமே இல்ல.

புதுசா வரி போட்டாரா?

பெருசா ஒண்ணும் போடல. போட்டதுல முக்கியமானது என்ன தெரியுமாங்க? ஏற்றுமதி ஆகற பருத்தித் துணிக்கும் நூலுக்கும் வரி. மில்லுக்கார குடும்பத்து ஆளு, கோயமுத்தூர்க்காரரு, மொதல் பட்ஜெட்லயே கை வெச்சது நூல் மேல! கடைல இத சொன்னப்ப ஒருத்தரு "அட, நம்மாளே நம்ம மேல போட்டாரா"ன்னு கோவிச்சுக்கிட்டாரு. நான் அத அப்படி பாக்கல. ஊர்ல துணிக்கு பஞ்சம், வெளிநாட்டுல நல்ல வெலை, எங்க லாபம் இருக்குதுன்னு அவருக்கு தெரியும், தெரிஞ்ச எடத்துல எடுத்தாரு. சொந்தத் தொழிலுக்கு சலுகை குடுத்துருந்தா இன்னிக்கு நான் இத எழுதிட்டு இருக்க மாட்டேன்.

அப்புறம் 1948 பிப்ரவரி 28ல முழு வருசத்துக்கு ரெண்டாவது பட்ஜெட்டும் இவருதான் படிச்சாரு. தொழிலுக்கு நீண்டகால கடன் குடுக்கற இந்திய தொழில் நிதிக் கழகம் 1948 ஜூலை 1ந் தேதி வந்ததும் இவரு காலத்துலதான்.

பாகிஸ்தானுக்கு 55 கோடி விவகாரத்துல இவரு எங்க வர்றாரு?

நிதி மந்திரியே இவருதானே. பாகம் பிரிச்சதுல பாகிஸ்தானுக்கு ரொக்கமா 75 கோடின்னு முடிவாச்சு, 20 கோடி முன்னாலயே குடுத்தாச்சு. காஷ்மீர்ல சண்டை ஆரம்பிச்சதுனால மிச்ச 55 கோடிய மந்திரிசபை நிறுத்தி வெச்சுது. 1948 ஜனவரி 13 காந்தி உண்ணாவிரதம் உக்காந்தாரு, 15ந் தேதி பணத்த குடுக்கறதுன்னு முடிவு மாறுச்சு. 30ந் தேதி காந்திய சுட்டுட்டாங்க. அந்த ஒரு மாசத்துல நிதி மந்திரி நாற்காலில உக்காந்துருந்த மனுசன் எப்படி தூங்கிருப்பாருன்னு நான் யோசிச்சுருக்கேன்.

இன்னொண்ணு, நெறைய பேருக்கு தெரியாது, கொஞ்ச மாசத்துக்கு ரெண்டு நாட்டுக்கும் ரிசர்வ் வங்கி ஒண்ணுதான். இந்திய நோட்டுலயே பாகிஸ்தான் அரசாங்கம்னு மேல அச்சடிச்சு அங்க புழங்குச்சு. 1948 ஜூன் கடைசிலதான் அது பிரிஞ்சுது.

சரி, ராஜினாமா ஏன் பண்ணுனாரு? ஊழலா?

இந்தக் கேள்விய தவிர்க்க நான் விரும்பல. யுத்த காலத்துல கள்ளச்சந்தைல சம்பாரிச்சு வரி கட்டாதவங்கள புடிக்க 1947ல ஒரு வருமான வரி விசாரணைக் கமிஷன் வந்துச்சு. அதுக்கு அனுப்புன பட்டியல்ல இருந்து சில ஆலை முதலாளிங்க பேரு எடுக்கப்பட்டுருச்சு. யாரு சொல்லி எடுத்தாங்கன்னு சபைல கேள்வி கெளம்புச்சு. துறைக்கு மந்திரி இவரு. 1948 ஆகஸ்ட் 17 பதவிய உட்டு எறங்கிட்டாரு, சரியா ஒரு வருசம் ரெண்டு நாள். அவருக்கு அப்புறம் ஜான் மத்தாய் வந்தாரு.

எல்லாம் அதிகாரிங்க தப்புன்னு சொல்லி அவர முழுசா காப்பாத்த நான் வரல. மில் குடும்பத்து ஆளு மந்திரியா இருக்கறப்ப மில்காரங்க பேரு பட்டியல்ல இருந்து போச்சுன்னா ஜனங்க சந்தேகப்படறது நியாயம்தான். அதுவும் நூலுக்கே வரி போட்டவருக்கு இந்தப் பேரு வந்துச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தம். மேல சொன்னேனே, கட்சி இல்லாதவனுக்கு கூட நிக்க ஆளு இல்லன்னு, இதுதான் அந்த ரெண்டாவது தடவை.

இன்னொரு விசயம் பாருங்க. நாட்டோட மொதல் நாலு நிதி மந்திரிங்களும் பதவிக்காலம் முடிஞ்சு போகல, ராஜினாமா பண்ணித்தான் போனாங்க. சண்முகம் செட்டியார் 1948, ஜான் மத்தாய் 1950, தேஷ்முக் 1956, டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற காரணம். நிதி நாற்காலி அப்படிப்பட்ட எடம்.

டி.டி.கே.வும் இவரும் ஒண்ணா? ரெண்டு பேரும் தொழிலதிபர்தானே?

வேற வேற ஆளுங்க. டி.டி.கே மெட்ராஸ்காரரு, 1928ல கம்பெனி ஆரம்பிச்சு சரக்கு விநியோகம் பண்ணி வளந்தவரு, பின்னால அரசியலுக்கு வந்து ரெண்டு தடவை நிதி மந்திரி. எல்.ஐ.சி. பணத்த முந்த்ராங்கற யாவாரியோட கம்பெனி பங்குல போட்ட விவகாரத்துல 1958ல வெலகுனவரு. கொங்கு நாட்டுல இருந்து நிதி மந்திரி ஆன இன்னொருத்தரு பொள்ளாச்சி பக்கத்து சி. சுப்பிரமணியம், 1974ல இருந்து 77 வரைக்கும். ஆனா அவரு தொழில்ல இருந்து வந்தவரு இல்ல.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதுனது நெசமா?

நெசம். புகார்க் காண்டத்துக்கு உரை, 1946ல வந்துச்சு. எனக்கு ஒரு பழைய புஸ்தகக் கடையில கெடச்சுது, அட்டை போயிருச்சு, பக்கமெல்லாம் பழுப்பேறி தொட்டா உதிரும், ஓரத்துல யாரோ பென்சில்ல அர்த்தம் எழுதி வெச்சுருந்தாங்க. இந்திர விழா வர்ற பகுதில புகார் நகரத்து கடைவீதிய சொல்றப்ப பட்டுலயும் மயிர்லயும் பருத்தி நூல்லயும் நெய்யறவங்க இருக்கற எடம்னு ஒரு வரி வரும். நூல்க்கார ஊர்ல பொறந்தவரு அந்த வரிக்கு வந்தப்ப நிச்சயம் ஒரு நிமிசம் நின்னுருப்பாருன்னு எனக்கு தோணுது. காப்பியமே ஒரு யாவாரி குடும்பத்து கதைதானுங்களே.

தமிழிசை இயக்கத்துலயும் முன்னால நின்னவரு. கச்சேரில தமிழ்ப் பாட்டுக்கு எடமில்லாம இருந்த காலத்துல, கேக்கறவனுக்கு புரியற மொழில பாடோணும்னு குரல் குடுத்தவங்கள்ல ஒருத்தரு. கடைசி காலத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு துணைவேந்தராவும் இருந்தாரு. மந்திரி பதவி போனப்புறம் மூலைல உக்காந்துட்டாருன்னு நெனைக்கறவங்க இத தெரிஞ்சுக்கோணும்.

அவர பத்தி படிக்கோணும்னா எங்க ஆரம்பிக்கறது?

மொதல்ல அந்த 1947 பட்ஜெட் உரைய படிங்க, இணையத்துல கெடைக்குது. பொறுமையா நம்பரோட படிங்க. தேடறப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, பேர சண்முகம்னும் ஷண்முகம்னும் ஷண்முகானந்தம்னு தப்பாவும் எழுதிருக்காங்க, செட்டி, செட்டியார் ரெண்டும் வரும், சில எடத்துல வெறும் ஆர்.கே.எஸ். எல்லா விதமாவும் போட்டுத் தேடுங்க. அந்தக் காலேஜ் பையன் இப்ப உரைய பிரிண்ட் எடுத்துட்டு வந்து கடையில வெச்சுருக்கான், மத்தியானம் லோடு வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம் ரெண்டு பக்கம்னு படிச்சுட்டு இருக்கறோம், சாப்பாட்டு தானியம் வர்ற எடத்துல நிக்கறோம்.